உறுமல் நின்ற பிறகு ஓபெத்தை மேடையில் பார்க்கப் போகலாமா?

2025 பிப்ரவரி 2, காலை. ஒரு வாசகரின் கேள்வி

கல்லூரி நாட்களில் ‘பிளாக்வாட்டர் பார்க்’ தொகுப்பை உயிராக நினைத்துக் கேட்டவன் நான். 2011-இல் ‘ஹெரிட்டேஜ்’ வந்ததோடு எனக்கும் ஓபெத் என்ற இந்த ஸ்வீடன் மெட்டல் குழுவுக்கும் இருந்த உறவு முடிந்துவிட்டது. தொண்டையின் அடியில் இருந்து எழும் அந்த உறுமல் குரல் போயிற்று, கிட்டாரின் கனம் போயிற்று, எழுபதுகளின் புரோக்ரெசிவ் ராக்கைத் தூசி தட்டி எடுத்து வாசிக்கும் வேறொரு குழு அந்தப் பெயரில் நடமாடுகிறது. அவர்களை மேடையில் பார்க்க வாய்ப்பு வந்தால் போகலாமா என்று யோசித்தேன். பாதி நேரம் பிடிக்காத பாடல்களைக் கேட்டபடி கால்கடுக்க நிற்பதைவிட, வீட்டில் உட்கார்ந்து பழைய தொகுப்புகளைக் கேட்பதே மேல் என்று தோன்றுகிறது. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கட்டும்.

2025 பிப்ரவரி 2, இரவு

மறுக்கிறேன். நான் ஓபெத்தை இரண்டு முறை மேடையில் பார்த்தவன். முதல் முறை 2009-இல், சென்னை ஐஐடி மாணவர்களின் கலைவிழாவான சாரங்கில். இரண்டாம் முறை 2019-இல், புனேயில் நடந்த என்எச்7 வீக்கெண்டர் விழாவில். இடையில் நான்கு தொகுப்புகள் வந்துவிட்டன, நான்கிலும் உறுமல் இல்லை. நீங்கள் சொல்லும் மாற்றத்தின் இரு கரைகளிலும் நின்று பார்த்திருக்கிறேன். ஒரே மூச்சில் எழுதி முடிக்கக்கூடிய விஷயம் அல்ல இது என்பதால் நேரம் கிடைக்கும்போதெல்லாம் தொடர்ந்து எழுதுகிறேன்.

இப்போதைக்கு ஒரே ஒரு திருத்தம். தொகுப்புகளில் உறுமல் இல்லை என்பதால் மேடையிலும் இல்லை என்று எண்ணிவிட்டீர்கள். ‘ஹெரிட்டேஜ்’ வெளிவந்த 2011-ஆம் ஆண்டுச் சுற்றுப்பயணத்தில் அப்படித்தான் இருந்தது. பழைய தொகுப்புகளில் இருந்தும் உறுமல் இல்லாத பாடல்களையே பொறுக்கி எடுத்து வாசித்தார்கள், அதற்காக ரசிகர்களிடம் நிறையவே வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். அடுத்த ஆண்டே பழைய பாடல்கள் பழைய குரலோடு மேடைக்குத் திரும்பிவிட்டன.

2025 பிப்ரவரி 4

சென்னையைப் பற்றி முதலில் எழுத வேண்டும், ஏனென்றால் புனேயில் நான் எதை எதிர்பார்த்துப் போனேன் என்பது அப்போதுதான் விளங்கும்.

கோவையில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தேன். விடுதியில் என் அறைத்தோழனுக்கும் எனக்கும் சேர்த்து ஒரே ஒரு இயர்போன்தான் இருந்தது. இடது பக்கம் எனக்கு, வலது பக்கம் அவனுக்கு. ஓபெத் தொகுப்புகளில் இரண்டு கிட்டார்களை இடம், வலம் என்று பிரித்துப் பதிவு செய்திருப்பார்கள். குழுவின் பாடகரும் கிட்டார்காரருமான மிக்கேல் ஓக்கர்ஃபெல்டும் இன்னொரு கிட்டார்காரர் பீட்டர் லிண்ட்கிரெனும் சேர்ந்து வாசித்த அந்தப் பாடல்களை இரண்டு ஆண்டுகள் நாங்கள் ஆளுக்குப் பாதியாகக் கேட்டிருக்கிறோம். அவன் ஒரு ரிஃப்பை, அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் மெட்டை, வாயால் இசைத்துக் காட்டுவான், எனக்கு அது தெரியாத ரிஃப்பாக இருக்கும். நான் ஒன்றைச் சொல்வேன், அவன் அப்படி ஒன்று அந்தப் பாடலிலேயே இல்லை என்பான். இயர்போனை மாற்றி மாட்டிக் கேட்டால் சண்டை தீர்ந்துவிடும் என்பதுகூட வெகுநாள் கழித்துத்தான் எங்களுக்கு உறைத்தது.

ஓபெத் சென்னைக்கு வருகிறது என்ற செய்தியை நாங்கள் முதலில் நம்பவில்லை. ஸ்டாக்ஹோமில் இருந்து கிளம்பி இந்தியாவுக்கு வரும் ஒரு மெட்டல் குழு மும்பைக்கோ பெங்களூருக்கோதான் போகும் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. நண்பர்கள் நான்கு பேர் சேரன் எக்ஸ்பிரஸில் முன்பதிவில்லாத பெட்டியில் ஏறி, கழிப்பறைக்கு எதிரே செய்தித்தாள் விரித்து உட்கார்ந்து சென்ட்ரல் வந்து சேர்ந்தோம். எதிரே பூங்கா நிலையத்தில் மின்சார ரயில் பிடித்து கிண்டியில் இறங்கினோம். ஐஐடிக்குள் நுழைந்ததும் சாலையோரத்தில் புள்ளிமான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. ஓபெத் டி-ஷர்ட் அணிந்த பையன்கள் கூட்டம் கூட்டமாக அவற்றைக் கடந்து நடந்தார்கள், மான்கள் தலையைக்கூடத் தூக்கவில்லை.

அது ‘வாட்டர்ஷெட்’ வெளிவந்து ஓராண்டுகூட ஆகாத நேரம். ஓக்கர்ஃபெல்டுக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. திறந்தவெளி அரங்கின் படிகளில் இருந்து இறங்கி, மேடைக்கு முன்னால் இருந்த நெரிசலுக்குள் புகுந்துவிட்டோம். முதல் உறுமல் வந்தபோது அதைக் காது கேட்பதற்கு முன்பே நெஞ்சு வாங்கிக்கொண்டது. அப்படித்தான் நினைவிருக்கிறது. அன்றைக்குத்தான் முதல் முறையாக இரண்டு கிட்டார்களையும் இரண்டு காதுகளிலும் கேட்டேன்.

ஆனாலும் அந்த இரவில் இருந்து என்னோடு ஊருக்கு வந்தது வேறொரு கணம். ஒரு பாடலின் நடுவே எல்லாம் அடங்கி, ஒலியைக் கரகரக்க வைக்கும் டிஸ்டார்ஷன் இல்லாத ஒற்றைக் கிட்டார் மட்டும் எட்டு எட்டு சுரங்களாக நடந்துகொண்டிருந்தது. சற்று முன்பு வரை ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டிருந்த கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. யாரும் பேசவில்லை. எனக்கு முன்னால் நின்றவன் தூக்கிய கையை இறக்க மறந்து அப்படியே வைத்திருந்தான். அரங்குக்கு வெளியே, மரங்களின் பக்கமிருந்து ஏதோ ஓர் இரவுப் பறவை இரண்டு முறை கத்தியது. அத்தனை ஆயிரம் பேருக்கு நடுவில் அது எனக்குத் தெளிவாகக் கேட்டது. ஓக்கர்ஃபெல்டு கண்களை மூடிக்கொண்டு மெல்லிய குரலில் நான்கு வரி பாடினார். பிறகு டிரம்ஸ் விழுந்தது, மறுபடியும் எல்லோரும் குதித்தோம்.

2025 பிப்ரவரி 5

‘ஹெரிட்டேஜ்’தான் உறுமல் இல்லாத முதல் தொகுப்பு என்ற பொருள் வரும்படி மேலே எழுதிவிட்டேனோ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அப்படி எழுதவில்லை என்றாலும் தெளிவுபடுத்துவது நல்லது. 2003-இல் வந்த ‘டாம்னேஷன்’ முழுவதும் மென்குரல்தான். அதையும், முந்தைய ஆண்டு வந்த கடுமையான ‘டெலிவரன்ஸ்’ தொகுப்பையும் ஒரே காலகட்டத்தில்தான் பதிவு செய்தார்கள். 2003-இல் லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் எம்பயர் அரங்கில் படம்பிடிக்கப்பட்ட கச்சேரியில் முதல் பாதி முழுவதும் மென்மையான பாடல்கள், அதன் பிறகுதான் உறுமல். அதாவது இந்த இரண்டு ஓபெத்துகளும் ஒரே மேடையில் ஒரே இரவில் 2003-லேயே அருகருகே நின்றிருக்கிறார்கள். நாம்தான் ஒன்றை மட்டும் நம்முடையது என்று எடுத்துக்கொண்டோம்.

2025 பிப்ரவரி 9

‘ஹெரிட்டேஜ்’ வந்தபோது எனக்கு ஏற்பட்ட வருத்தத்தை மறைக்க விரும்பவில்லை. வேலைக்குச் சேர்ந்து முதல் ஆண்டு, வாடகை அறை. தொகுப்பைத் தொடங்கியதும் பியானோ மட்டும் இரண்டு நிமிடம் ஒலித்தது. சரி, இது முன்னுரை, அடுத்த பாடலில் இடி விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. கடைசிப் பாடல் வரை காத்திருந்தேன். அட்டைப்படத்தில் ஒரு மரம், அதில் கனிகளைப் போலக் குழுவினரின் தலைகள், ஒரு தலை மட்டும் கழன்று விழுந்துகொண்டிருக்கும். அது பதிவு முடிந்ததும் குழுவை விட்டு விலகிய விசைப்பலகைக் கலைஞர் பெர் விபெர்க்கின் தலை. எனக்கோ நாங்கள் எல்லோருமே அந்த மரத்தில் இருந்து விழுந்துவிட்டதுபோல இருந்தது.

அறைத்தோழன் அன்றிரவு தொலைபேசியில் அழைத்தான். “முடிஞ்சுதுடா” என்று ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னான். நான் மறுத்துப் பேசவில்லை. அடுத்து வந்த ‘பேல் கம்யூனியன்’, ‘சார்சரஸ்’ இரண்டையும் அவன் கேட்கவே இல்லை. நான் தலைக்கு இரண்டு முறை கேட்டேன். அதுவும் கடமைக்காகத்தான்.

2025 பிப்ரவரி 15

புனே. 2019 நவம்பர் இறுதி.

அறைத்தோழனை அழைத்தேன். “அவங்க நம்ம ஆளுங்க இல்ல, நீ போயிட்டு வா” என்றான். தனியாகத்தான் போனேன். மேடையில் நின்ற ஐவரில் நால்வர் சென்னைக்கு வந்த அதே நால்வர் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓக்கர்ஃபெல்டு, கிட்டாரில் ஃபிரெட்ரிக் ஓகெசன், பேஸ் கிட்டாரில் மார்ட்டின் மெண்டெஸ், டிரம்ஸில் மார்ட்டின் ஆக்சன்ரோட். விசைப்பலகையில் மட்டும் விபெர்க்கின் இடத்தில் யோவாகிம் ஸ்வால்பெர்க் இருந்தார். ஆட்கள் மாறியதால் ஒலி மாறியது என்று சொல்லிக்கொள்ள வழியில்லை. பெரும்பாலும் அதே கைகள்.

‘இன் காடா வெனெனம்’ தொகுப்பு செப்டம்பர் கடைசியில்தான் வெளிவந்திருந்தது, ஸ்வீடிஷ் மொழியில் ஒரு வடிவமும் ஆங்கிலத்தில் ஒரு வடிவமுமாக. மேடையில் அவர்கள் ஸ்வீடிஷ் வடிவத்தைத்தான் பாடினார்கள். எனக்கு இடப்பக்கம் இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் நின்றிருந்தாள். இரண்டே மாதங்களுக்கு முன்பு வந்த பாடலின் ஸ்வீடிஷ் வரிகளை ஒரு சொல் விடாமல் உடன் பாடிக்கொண்டிருந்தாள். எனக்கு வலப்பக்கம் என் வயதுக்காரர் ஒருவர், துவைத்துத் துவைத்து எழுத்து மங்கிய ‘பிளாக்வாட்டர் பார்க்’ டி-ஷர்ட்டோடு கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். பழைய பாடல் தொடங்கியதும் அவர் கைகளை அவிழ்த்துக்கொண்டு தலையாட்டினார், அந்தப் பெண் சற்று ஓய்ந்தாள். புதிய பாடல் வந்ததும் அவர் மறுபடியும் கைகளைக் கட்டிக்கொண்டார். இரண்டு பேருக்கும் நடுவில் நின்ற நான், எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாமல் மேடையைப் பார்த்தேன்.

பழைய பாடல்களில் நான் கவனித்தது இதுதான். அவை சென்னையில் கேட்டபடி இல்லை. ஸ்வால்பெர்க்கின் ஆர்கன் ஒலியும், மெலட்ரான் என்ற பழைய விசைக்கருவியின் ஒலியும் கிட்டார்களுக்கு அடியில் பாய் விரித்ததுபோல ஓடிக்கொண்டிருந்தன. ஓக்கர்ஃபெல்டு மென்குரலில் பாடும் இடங்களில் ஸ்வால்பெர்க்கும் ஓகெசனும் சேர்ந்து பாடி அந்த வரியை அகலமாக்கினார்கள். ஆக்சன்ரோட் சென்னையில் அடித்து நொறுக்கிய இடங்களில் இங்கே சற்றுத் தளர்த்தி, ஜாஸ்காரர்களைப் போல இடம்விட்டு வாசித்தார். உறுமல் அப்படியே இருந்தது. ஆனால் அதைச் சுற்றியிருந்த வீடு பெரிதாகிவிட்டது.

2019 சுற்றுப்பயணத்தில் பெரும்பாலான இரவுகளை அவர்கள் ‘டெலிவரன்ஸ்’ பாடலில்தான் முடித்தார்கள். அந்தப் பாடலின் கடைசிப் பகுதியை அறிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை, அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சொற்களே இல்லாமல், ஒரே தாளக்கட்டைக் கிட்டார்களும் இரட்டை பெடல் டிரம்ஸும் சேர்ந்து பல நிமிடங்கள் திரும்பத் திரும்ப வாசிக்கும் பகுதி அது. எங்கே அடி விழும், எங்கே விழாது என்பதை உடம்பு எண்ணிக்கொண்டே இருக்கும். கோவை விடுதியில் இரும்புக் கட்டிலின் கம்பியில் ஸ்பூனால் தட்டித் தட்டி நாங்கள் அதை மனப்பாடம் செய்திருந்தோம்.

2025 பிப்ரவரி 16

நேற்று எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். மறந்துபோய் விட்டதல்ல, சொல்ல மனம் வராமல் விட்டது.

அன்று முதல் புதிய பாடலுக்கு நான் அங்கே நிற்கவில்லை. பாடல் தொடங்கிய அரை நிமிடத்தில், இது எனக்கானது அல்ல என்று முடிவு செய்து தண்ணீர் வாங்கக் கிளம்பிவிட்டேன். கடை வெகு தொலைவில் இருந்தது, வரிசை நீளமாக இருந்தது. அங்கிருந்து கேட்டபோது ஒலியின் கூர்மை எல்லாம் காற்றில் கரைந்துபோய், தாழ்ந்த சுரங்கள் மட்டும் வந்து சேர்ந்தன. அதாவது மெண்டெஸின் பேஸும் டிரம்ஸின் அடித்தளமும் மட்டும். குரல் இல்லை, கிட்டார் இல்லை, மெலட்ரான் இல்லை. அப்படிக் கேட்டபோது அது எனக்கு மிகவும் பழக்கமான நடையாக இருந்தது. ‘ஸ்டில் லைஃப்’ தொகுப்பில் ‘ஃபேஸ் ஆஃப் மெலிண்டா’ தொடங்கும்போது அந்த பேஸ் எப்படி அவசரப்படாமல், ஒவ்வொரு சுரத்தின் ஓரத்திலும் சற்றுத் தங்கி நகருமோ அதே நடை. முகத்தைப் பார்க்காமல் மாடிப்படியில் ஏறும் காலடியை வைத்தே வீட்டு ஆளை அடையாளம் காண்கிறோம் அல்லவா, அப்படி ஓர் அடையாளம். என் முறை வருவதற்குள் வரிசையை விட்டுவிட்டு, தண்ணீர் இல்லாமலே ஓடி வந்தேன். நேற்று எழுதிய அந்தப் பெண்ணுக்கும் டி-ஷர்ட்காரருக்கும் நடுவே வந்து நின்றது அதற்குப் பிறகுதான்.

2025 பிப்ரவரி 17

தண்ணீர் வரிசையை நினைத்ததும் இன்னொன்று தோன்றியது. மார்கழிச் சபாக்களில் தனியாவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனை நோக்கி ஒரு கூட்டம் நகருமே, அதைப் பார்த்து எத்தனை முறை மனம் புழுங்கியிருப்பேன். மிருதங்கக்காரர் இரண்டு மணி நேரம் காத்திருந்து தன் பத்து நிமிடத்தைத் தொடங்கும்போது வடை தின்னப் போகிறார்களே என்று. புனேயில் நான் செய்ததும் அதேதான்.

2025 பிப்ரவரி 22

‘மேடையில் பாடல் பதிவில் இருந்தபடியே இருக்க வேண்டாமா, அதற்குத்தானே போகிறோம்’ என்று ஒருவர் கேட்கிறார். இந்த எதிர்பார்ப்பு நமக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். உடுமலைப் பக்கம் எங்கள் ஊர் மாரியம்மன் நோன்பிக்கு வரும் மெல்லிசைக் குழுவை ஊரார் அளந்த அளவுகோல் ஒன்றே ஒன்றுதான்: கேசட்டில் இருந்தபடி அச்சு அசலாக வந்ததா இல்லையா? இடையிசையில் வயலின் ஓர் இடம் பிசகினாலும் பின்வரிசையில் இருந்து சத்தம் வரும். அது தவறான அளவுகோல் என்று சொல்ல மாட்டேன். திரைப்பாடலின் இடையிசையும் பாட்டின் உடம்பு, அதை மாற்றினால் பாட்டே வேறாகிவிடும். ஆனால் ஒரு குழு தான் ஆக்கிய பாட்டைத் தானே பத்தாண்டு கழித்து வாசிக்கும்போது, மெல்லிசைக் குழுவை அளந்த கோலால் அதை அளப்பது பொருந்தாது. 2012 வாக்கில் ஓபெத் ‘டீமன் ஆஃப் த ஃபால்’ பாடலை, அவர்கள் ஆக்கியவற்றிலேயே மூர்க்கமான பாடல்களில் ஒன்றை, உறுமல் இல்லாமல் அக்கூஸ்டிக் வடிவில் மேடையில் வாசித்தார்கள். பதிவில் இருந்தபடி இல்லைதான். ஆனால் அந்தப் பாட்டுக்குள் இப்படி ஒரு துயரமான மெட்டு இருந்ததை நான் அதற்கு முன் அறிந்திருக்கவில்லை.

2025 பிப்ரவரி 23

ஒலி மாறியதற்காகக் கூட்டம் கொதிப்பது புதிதும் அல்ல. 1966 மே மாதம் மான்செஸ்டரில் பாப் டிலன் முதல் பாதியைத் தனியாக அக்கூஸ்டிக் கிட்டாரோடு பாடிவிட்டு, இரண்டாம் பாதியில் மின்கிட்டாரோடும் குழுவோடும் வந்தபோது, கூட்டத்தில் இருந்து ஒருவர் “யூதாஸ்!”, அதாவது துரோகி, என்று கத்தினார். ஐயர்ன் மெய்டன் என்ற மெட்டல் குழுவினர் 2006-இல் தங்கள் புதிய தொகுப்பை முதல் பாட்டில் இருந்து கடைசிப் பாட்டு வரை வரிசை மாறாமல் மேடையில் வாசித்தார்கள். பழைய பாட்டுக்காகக் காத்திருந்தவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் பொறுமை தேவைப்பட்டது. ஓபெத் ஒருபோதும் அவ்வளவு கடுமையாக நடந்துகொண்டதில்லை. 2011-இல் உறுமலை விட்டபோதுகூடப் பழையதையும் புதியதையும் கலந்தே பரிமாறினார்கள்.

2025 மார்ச் 1

கேள்வி கேட்டவர் மறுபடியும் எழுதியிருக்கிறார். உறுமத் தெரிந்தவர் உறுமாமல் இருப்பது ரசிகர்களை அவமதிப்பது என்கிறார். இதில் எனக்கு உடன்பாடு இல்லை.

உறுமல் என்பது வெறும் கத்தல் அல்ல. நாம் பேசவும் பாடவும் பயன்படுத்தும் குரல்நாண்களுக்குச் சற்று மேலே இன்னொரு இணை மடிப்புகள் இருக்கின்றன, போலிக் குரல்நாண்கள் என்பார்கள். மூச்சின் அழுத்தத்தால் அவற்றை அதிரச் செய்துதான் அந்த ஒலியைப் பெறுகிறார்கள். ஓபெத்தின் சிக்கல் என்னவென்றால், அதே ஆள் அதே பாட்டில் அடுத்த வரியைத் தெள்ளத் தெளிவான மென்குரலில் பாட வேண்டும், கூடவே கிட்டாரும் வாசிக்க வேண்டும். பல குழுக்களில் இந்த மூன்று வேலைகளைச் செய்ய இரண்டு மூன்று ஆட்கள் இருப்பார்கள். இங்கே ஓக்கர்ஃபெல்டு ஒருவரே. இருபத்தோராம் வயதில் முதல் தொகுப்பு வெளிவந்ததில் இருந்து அவர் இதைச் செய்துவந்தார். ‘வாட்டர்ஷெட்’ வந்த 2008-இல் இருந்து பதினாறு ஆண்டுகள் புதிய ஓபெத் பாட்டு எதிலும் உறுமாமல் இருந்தார். அந்த ஆண்டுகளில் அவருடைய மென்குரல் எவ்வளவு வளர்ந்தது என்பதை 2003 பதிவையும் 2019 பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்த்தால் தெரியும். முன்பு காற்றில் நடுங்கும் நூலைப் போல இருந்த குரல், பிறகு உச்சத்தில் கத்திப் பாடும் அளவுக்குத் திறந்துகொண்டது. புனேயில் அதை நேரில் கேட்டேன். அது அவமதிப்பு என்றால், எதை மரியாதை என்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இருந்தாலும், போனது போனதுதான் என்பதையும் சொல்ல வேண்டும். சென்னையில் நெஞ்சு வாங்கிக்கொண்ட அந்த அடி புனேயில் எனக்குக் கிடைக்கவில்லை. அதை ஈடுகட்ட எதுவும் வரவில்லை. வேறு ஒன்று வந்தது, அவ்வளவுதான்.

2025 மார்ச் 8

பிப்ரவரி 4-ஆம் தேதி எழுதிய குறிப்பை இன்று மறுபடியும் படித்துப் பார்த்தேன். சென்னை மேடையைப் பற்றி எழுதும்போது, உறுமலுக்கு நான் கொடுத்தது ஒரே ஒரு வாக்கியம். ஒற்றைக் கிட்டாருக்கும், கையை இறக்க மறந்தவனுக்கும், இரவுப் பறவைக்கும், கண்மூடிப் பாடிய நான்கு வரிக்கும் ஒரு பத்தி முழுவதும். எழுதும்போது இதை நான் உணரவில்லை. உறுமலுக்காக அழுதுகொண்டிருந்தவன் பதினாறு ஆண்டுகளாக நெஞ்சில் பொத்தி வைத்திருந்தது அந்த அமைதியைத்தான். ‘ஹெரிட்டேஜ்’ அந்த அமைதியில் இருந்து கிளம்பிய தொகுப்பு. இது தெரிந்திருந்தால் அதற்கு அடுத்து வந்தவற்றை இரண்டு முறையோடு நிறுத்தியிருக்க மாட்டேன்.

2025 மார்ச் 9

‘அப்படியானால் உறுமல் தேவையே இல்லை என்கிறீர்களா’ என்ற கேள்விக்கு: இல்லை. நெரிசலில் மோதிக் களைத்திருக்காவிட்டால் அந்த அமைதி அவ்வளவு ஆழமாக விழுந்திருக்காது. அதனால்தான் தொகுப்பாகக் கேட்பதைவிட மேடையில் கேளுங்கள் என்கிறேன். ‘ஹெரிட்டேஜ்’ தொகுப்பைத் தனியாகக் கேட்டால் அதில் ஒரு பாதிதான் இருக்கிறது. மேடையில் அதன் முன்னும் பின்னும் ‘டெலிவரன்ஸ்’ போன்ற ஒன்று வந்து நிற்கும்போது மறு பாதி சேர்ந்துகொள்கிறது.

2025 மார்ச் 16

2024 நவம்பரில் வந்த ‘த லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமெண்ட்’ பற்றி நான் வேண்டுமென்றே பேசாமல் இருக்கிறேனா என்று கேட்டிருக்கிறார்கள். வேண்டுமென்றுதான் தள்ளிப்போட்டேன்.

உறுமல் திரும்பி வந்துவிட்டது. முதல் உலகப்போருக்குப் பிந்தைய காலத்தில், செத்துப்போன ஒரு பணக்காரக் குடும்பத் தலைவரின் உயிலை வாரிசுகளுக்கு வாசித்துக் காட்டுகிறார்கள் என்பது கதை. கடைசிப் பாட்டைத் தவிர மற்றவற்றுக்குப் பெயரே கிடையாது, உயிலின் பத்திகளைப் போல எண்கள்தான். புதிய டிரம்ஸ் கலைஞர் வால்டெரி வேய்ருனென். ஜெத்ரோ டல் குழுவின் இயன் ஆண்டர்சன் வந்து உயிலின் பகுதிகளை வாசிக்கிறார், புல்லாங்குழலும் ஊதுகிறார். செத்தவரின் சீற்றம் உறுமலில் வருகிறது. தேவைப்பட்ட இடத்தில்தான் அந்தக் குரல் வருகிறது, ரசிகர்களைச் சமாதானப்படுத்த அல்ல.

முதல் உறுமல் வந்ததும் அறைத்தோழன் நள்ளிரவில் அழைத்தான். பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு ஓபெத்துக்காக அழைத்தான். தொண்டை அடைக்கப் பேசினான். எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் தொகுப்பு ஓடிக்கொண்டிருந்தபோது நான் எதற்காகக் காத்திருந்தேன் என்றால், உறுமல் ஓய்ந்து குழல் நுழையும் இடத்துக்காக.

2025 மார்ச் 23

ஒரு முக்கியமான திருத்தம். அறைத்தோழன் நேற்று வீட்டுக்கு வந்திருந்தான். இந்தக் குறிப்புகளை எல்லாம் படித்துவிட்டு, “இடது காது என்னோடதுடா, உனக்குத்தான் வலது” என்றான். நான் மறுத்தேன். சோதித்துப் பார்த்துவிடலாம் என்றான். ‘த டிரேப்பரி ஃபால்ஸ்’ பாடலின் நடுவில் வரும் ஓர் இடத்தை இருவரும் வாயால் இசைத்தோம், கோவையில் செய்ததுபோலவே வேறு வேறாக. பிறகு ஒரு பக்கத்து இயர்போனை மட்டும் மாட்டிக் கேட்டுப் பார்த்தோம். நான் பாடியது வலது பக்கம் இருந்தது. அவன் சொன்னதுதான் சரி. பிப்ரவரி 4 குறிப்பைத் திருத்தாமல் விட்டிருக்கிறேன், படிப்பவர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளவும்.

2025 மார்ச் 23, இரவு

கேள்வி கேட்டவருக்கு: போங்கள். தண்ணீரை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்று மாலை ஒரு சின்ன வேலை செய்தோம். ‘ஹெரிட்டேஜ்’ தொகுப்பை அவன் 2011-க்குப் பிறகு கேட்டதே இல்லை. இப்போதைய கம்பியில்லா இயர்போனில் இடதை அவனும் வலதை நானும் எடுத்துக்கொண்டு, பால்கனியில் தரையில் உட்கார்ந்து முதல் பாட்டில் இருந்து தொடங்கினோம். பியானோவில் அவன் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் பாட்டில் கைபேசியை எட்டி எடுத்து ஒலியைச் சற்றுக் கூட்டினான். ஐந்தாவதோ ஆறாவதோ பாட்டின் நடுவில், தன் காதில் இருந்ததைக் கழற்றி என் பக்கம் நீட்டி, என்னுடையதை வாங்கிக்கொள்ளக் கையை விரித்தான்.